நினைவுப் புத்தக சேவைகள்: அச்சில் குறையில்லை, எழுத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்

குடும்பம், தொழில் இரண்டையும் ஒரே தோளில் சுமந்து மறைந்த ஒருவருக்கு நினைவுப் புத்தகம் போட்டுத் தரும் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. படங்களை ஏற்றினால் போதும். மாதிரிப் பக்கங்களில் அடுக்கி, கெட்டி அட்டை போட்டு, கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். எந்த நிறுவனம் என்பதைவிட எந்த அச்சு, எந்த பைண்டிங், எழுத்தை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம். அதனால் இங்கே வகைகளைத்தான் மதிப்பிடுகிறோம்.

அச்சில் இரண்டு வகை. ஒன்று, நிஜ ஃபோட்டோ காகிதத்தில் படத்தை எடுத்து, தாள்களை முதுகோடு முதுகு ஒட்டும் ஆல்பம் வகை. விரித்தால் தட்டையாகப் படுக்கும், இரண்டு பக்கத்துக்கு நீளும் குடும்பப் படம் நடுவில் மடிப்புக்குள் போகாது, முகத்தின் நிறம் இயல்பாக வரும். ஆனால் ஒவ்வொரு தாளும் அட்டை கனம். 40 பக்கம் தாண்டினால் வயதானவர்கள் மடியில் வைத்துப் புரட்ட முடியாது. சின்ன எழுத்தின் ஓரமும் லேசாக மங்கும். மற்றது டிஜிட்டல் பிரஸ், அதாவது கம்ப்யூட்டர் கோப்பிலிருந்து நேராகத் தாளில் அடிக்கும் அச்சு. 170 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேட் ஆர்ட் பேப்பரில் (பளபளக்காத வழுவழுப்புத் தாள்) எழுத்து கூர்மையாக விழும். எழுத்து அதிகமுள்ள வாழ்க்கைப் புத்தகத்துக்கு இதுவே எங்கள் தேர்வு. இதைவிட மெல்லிய தாளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பின்பக்கத்துப் படம் நிழலாகத் தெரியும், வேண்டாம்.

பைண்டிங்கில் ஏமாறுவதுதான் அதிகம். வெறும் பசை போட்ட பர்ஃபெக்ட் பைண்டிங் புத்தகம் பத்துக் கை மாறினாலே தாள் கழன்று வரும். பியூஆர் பசை (இன்னும் உறுதியாகப் பிடிக்கும் பாலியூரித்தேன் பசை) என்றால் பரவாயில்லை. செக்‌ஷன் தையல் (தாள்களைக் கட்டுக் கட்டாக மடித்து நூலால் தைப்பது) கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். பசை பைண்டிங் எடுத்தால் முதுகுப் பக்கம் 15 மில்லிமீட்டர் காலி விடுங்கள். அதற்குள் வருகிற முகம் மடிப்புக்குள் போய்விடும். குரூப் ஃபோட்டோவில் நடுவில் நிற்பவர் பெரும்பாலும் மறைந்தவரேதான் என்பதை மறந்துவிட வேண்டாம். வெளி ஓரங்களில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் வேண்டும்.

படங்களைப் பொறுத்தவரை, அச்சில் ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 35 x 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 5.5 அங்குல அகலம் வரை தாராளமாகப் போகும். அதே படத்தைச் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப் போய் முழுப் பக்கத்தில் பூசியது மாதிரி வரும். டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்கு நூலை அடியில் விட்டு அறுத்தபடி எடுக்கலாம். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போனதை எடுக்கவே கூடாது. கண்ணாடியோடு ஸ்கேன் செய்வதுதான் வழி. செய்தித்தாள் படத்துக்கு ஸ்கேனரில் டீஸ்க்ரீன் (அச்சுப் புள்ளிகளைக் கரைக்கும் வசதி) போடாவிட்டால் புள்ளிகள் வலை மாதிரி அலை அலையாக வரும்.

ஏஐ மூலம் பழைய படத்தைச் சீராக்குவதைப் பல சேவைகள் சேர்த்துத் தருகின்றன. கீறல், கறை நீக்க நல்லது. முகத்தில் கைவைத்தால் ஆபத்து. மச்சம் போய்விடும், கோணல் பல் நேராகிவிடும், வேறு யாரோ மாதிரி ஆகிவிடுவார். 'முகத்தைத் தொடாதீர்கள்' என்று எழுத்தில் கொடுங்கள்.

தொழில் நடத்தியவரின் புத்தகத்துக்கென்று தனியாக ஒரு சரக்கு உண்டு: பில் புத்தகம், முதல் விசிட்டிங் கார்டு, கணக்கு நோட்டு. மாதிரிப் பக்கங்களில் இவற்றுக்கு இடமே வைப்பதில்லை. கணக்கு நோட்டைக் கலரில் 400 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் எழுத்தும் கார்பன் நீலமும் காணாமல் போகும். தெர்மல் பில் (மையில்லாமல் சூட்டில் அச்சாகும் பில்) தானாகவே வெளுக்கும், முதலில் அதை ஸ்கேன் செய்துவிடுங்கள். பாதுகாக்கிறேன் என்று சூடாக லேமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துவிடும். வங்கிக் கணக்கு எண், பாக்கி வைத்தவர் பெயர் இருக்கும் வரியை மறைக்க வேண்டும். பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் போட்டால் அது தூக்கினால் வந்துவிடும். படத்திலேயே அழித்துச் சேமித்தால்தான் மறைந்ததாக அர்த்தம்.

இனி எழுத்து. சேவைக்காரர்கள் தரும் கேள்வித்தாள் பிறந்த தேதி, படிப்பு, திருமணம், தொழில், சாதனை என்று போகும். அதை நிரப்பிக் கொடுத்தால் 'கடின உழைப்பாளி, அன்பான கணவர், பாசமிகு தந்தை' என்று திரும்பி வரும். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அதைவிடப் பெரிய தவறு, குடும்பம் ஒரு அத்தியாயம், தொழில் ஒரு அத்தியாயம் என்று ஆளை இரண்டாகப் பிளப்பது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் சரக்குப் பாக்கிக்குக் கீழேயே மகளின் பரீட்சைத் தேதி பென்சிலில் இருக்கும், ஓரத்தில் டாக்டர் நம்பர், அதன்மேல் டீ டம்ளர் வைத்த வட்டம். அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் முழு அளவில் போடுங்கள். அத்தியாயம் பிரிக்காமல் கால வரிசையில் போகச் சொல்லுங்கள். கடை இடம் மாறிய ஆண்டும் இரண்டாவது குழந்தை பிறந்த ஆண்டும் ஒன்றென்றால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரட்டும்.

தகவல் எடுக்க மூன்று பேர் போதும்: மனைவி, நீண்ட நாள் இருந்த வேலையாள், சரக்குக் கொடுத்தவர். 'அவர் எப்படிப்பட்டவர்' என்று கேட்டால் 'தங்கமானவர்' என்பார்கள், அதோடு முடிந்தது. ஷட்டரை எத்தனை மணிக்குத் தூக்குவார், இரண்டாவது சாவி யாரிடம், சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத மாதம் என்ன செய்தார், வீட்டுக்கு வந்ததும் முதலில் எங்கே உட்காருவார் என்று கேளுங்கள். ஒரு உட்காரலுக்கு 45 நிமிடம் போதும். பதிவைத் தானாக எழுத்தாக்கும் செயலிகள் ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை மூன்றிலும் சறுக்கும். ஒவ்வொன்றையும் ஒலியோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

தொழில் தொடங்கிய ஆண்டும் பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டும் பல நேரம் வேறு வேறு. 'தொடங்கினார்', 'பதிவு செய்தார்' என்று தனித்தனியே எழுதுங்கள். கூட்டாளி பிரிந்தது போன்ற விஷயத்துக்கு ஆண்டோடு ஒரு வரி போதும், அடைமொழி வேண்டாம். முழுக்க விட்டுவிட்டால் அதுதான் பேச்சாகும். பெயர்ப் பட்டியலை அவர் வழியிலும் மனைவி வழியிலும் ஒவ்வொரு பெரியவரைக் கொண்டு டிக் அடிக்கச் செய்யுங்கள். விட்டுப்போன ஒரு பெயருக்கு மன்னிப்புக் கிடைக்காது.

தமிழ் எழுத்து இவர்களில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. யூனிகோடில் கொடுத்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது 'கொ' உடைந்து கொம்பு தனியே நிற்கும், 'ஔ' 'ஒள' ஆகிவிடும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் அமைப்பு) போடாவிட்டாலும் இதே கதி. அச்சுக்கு முன் எழுத்துகளை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கித் தரச் சொல்லுங்கள். ஆக்கிய பிறகு திருத்த முடியாது, ஆகவே பிழை பார்ப்பது அதற்கு முன்.

குரல் பதிவுக்கு க்யூஆர் கோடு சேர்க்கும் வசதி நல்லதுதான். டைனமிக் வகை வேண்டாம். அது சேவைக்காரரின் இணைப்பு வழியாகப் போவது, சந்தா நின்றால் கோடு செத்துவிடும். உங்கள் சொந்த இணைப்புக்கு ஸ்டாடிக் கோடு (இணைப்பு கோட்டிலேயே நேரடியாகப் பதிந்த வகை), 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு.

எத்தனை பிரதி வேண்டுமானாலும், முதலில் ஒன்றே ஒன்று அடித்து வாங்குங்கள். திரையில் தெரிவதைவிட அச்சில் படம் ஒரு படி இருட்டாக வரும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் தலைமுடியும் பின்சுவரும் ஒன்றாகிவிடும். பகல் வெளிச்சத்தில் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று பக்க எண்ணோடு எழுதிக் கொடுங்கள். பிறகு நடுப் பக்கத்தை விரித்து இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். முதுகில் சடக்கென்று சத்தம் வந்தால் அந்த பைண்டிங்கில் மீதிப் பிரதிகளை அடிக்க வேண்டாம்.