கும்பகோணத்தில் அப்பாவோடு மூன்று வாரம்

நான் டொரோண்டோவிலிருந்து கிளம்பும் முன்பே அம்மா போனில் சொல்லிவிட்டார்: "அப்பாவுக்கு ஞாபகமே இல்லடா." போய்ப் பார்த்தால், கேஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் வந்தது, மாடிச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது எல்லாம் அப்பாவுக்குத் தெரிகிறது. சீப்பு வேண்டுமென்றால் மட்டும், "அது... தலைக்கு..." என்று கையால் வாரிக் காட்டுகிறார். நாம் கொஞ்சம் நீளமாகப் பேசினால் பாதியிலேயே தவறவிடுகிறார்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. காலை ஏழு மணிக்கு டோக்கன், பதினொன்றரைக்கு உள்ளே. மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார். அப்பாவால் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை. 'ஞாபக மறதி' என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியே குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா என் கையைப் பிடித்து, நான் கழற்றிவிட்ட மூலைக்கே கூட்டிப்போனார். அங்கேதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, திருச்சியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் அவரோடு வேலை செய்யும் பேச்சு சிகிச்சையாளரையும் பார்த்தோம். அங்கே ஒன்றரை மணி நேரம். பேச்சு சிகிச்சையாளர் அப்பாவிடமிருந்து கண்ணாடிக் கூடு, பேனா, பஸ் டிக்கெட் மூன்றையும் வாங்கி, அவர் கண்ணெதிரே இழுப்பறையிலும் ஜன்னலோரமும் புத்தகத்துக்கு அடியிலுமாக வைத்தார். கால் மணி நேரம் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, உங்க சாமானை எடுத்துக்குங்க" என்றார். அப்பா எழுந்து நேராகப் போய் மூன்றையும் எடுத்துவந்தார். எதன் பெயரும் வாயில் வரவில்லை. அம்மா அழுதுவிட்டார்.

எம்ஆர்ஐயும் பார்த்தபின் மருத்துவர் சொன்ன பெயர் பிரைமரி புரோக்ரசிவ் அஃபேசியா. மொழி முதலில் தேயும் நோய். மார்செல் மெசுலம் என்ற நரம்பியல் மருத்துவர் 1982இல் ஆறு பேரிடம் கண்டு எழுதியது. 2011இல் மூன்று வகையாகப் பிரித்தார்கள். அப்பாவுக்கு லோகோபெனிக் வகை. சொல் தேடியும் கிடைக்காது, கேட்ட வாக்கியம் மனதில் தங்காது. இப்படிப்பட்டவரிடம் சொற்களைக் கொடுத்து ஞாபகத்தைச் சோதித்தால் தோற்கத்தானே செய்வார்? இந்த வகைக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அல்சைமர் மாற்றங்கள்தான், போகப் போக ஞாபகமும் குறையும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. அதற்காக அவர்மேல் மரியாதை கூடியது.

பேச்சு சிகிச்சையாளர் ஒரு ஆல்பம் செய்யச் சொன்னார். வீட்டு ஆட்கள், காபி டம்ளர், வேட்டி, டிவி ரிமோட் என்று படமெடுத்து, கீழே பெரிய எழுத்தில் பெயர். இரண்டு நாளில் அப்பா அதைப் புரட்டி, பக்கத்துத் தெரு முடிதிருத்தும் கடையைத் தொட்டுக் காட்டினார். கூட்டிப்போனேன்.

ஊரில் பெற்றோரை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடும் உண்டு. அதன் விளக்கத்திலேயே அஃபேசியா என்று பெயர் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் போட்டோம். விசாரிக்கப் போன அலுவலகத்தில், "வயசானா இப்படித்தான் சார், இதுக்கெல்லாம் அட்டை கிடையாது" என்றார்கள். சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மருத்துவக் குழு முன் வரச்சொல்லித் தேதி கிடைத்தது.

அன்றைக்கு நான் இங்கே டொரோண்டோவில் இருப்பேன். தம்பிதான் கூட்டிப்போக வேண்டும். நினைவுபடுத்தலாம் என்று நேற்று வீடியோவில் கூப்பிட்டால், அப்பா போனை வாங்கி நாள்காட்டிப் பக்கம் திருப்பினார். தேதியைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.