மார்கழி விடியலும் ஆப்பிள் பையும்: ஓர் ஓடிஜியோடு சில வருட அனுபவம்

ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்புப் பெட்டி, வாங்கப் போனால் கடையில் கேக், பிஸ்கட், பீட்சா, தந்தூரி சிக்கன் என்று அடுக்குவார்கள். பெட்டியின் மேலும் அதே படங்கள்தான் இருக்கும். சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி ஒன்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேக்குக்கு அது கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குக்கரில் மணல் போட்டே அருமையான கேக் செய்கிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பிஸ்கட்டை பேக்கரியில் வாங்குவதுதான் லாபம். தந்தூரி செய்தால் உள்ளே தெறித்த எண்ணெயைத் துடைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆனால் பை (pie), அதாவது மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடுகிற பலகாரம், அதைச் செய்வதற்காக மட்டும் இதே பெட்டியை இன்னொரு முறை வாங்கச் சொன்னாலும் வாங்குவேன். அதுவும் வருடம் முழுக்க இல்லை. கார்த்திகைக் கடைசியில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும்தான்.

அது ஏன் அந்தக் கொஞ்ச நாள் மட்டும் என்றால், வெண்ணெய்தான் காரணம்.

பையின் மேலோட்டுக்கு மைதா, அதன் எடையில் பாதி வெண்ணெய், உப்பு, ஐஸ் தண்ணீர், அவ்வளவுதான் தேவை. வெண்ணெய் சின்னச் சின்னத் துண்டாக, கெட்டியாகவே மாவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்புக்குள் போனதும் துண்டுகள் உருகி, இருந்த இடம் காலியாகும். வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் உண்டு. அது ஆவியாகி அந்த இடைவெளியைத் தள்ளி விரிக்கும். அடுக்கு வருவது அதனால்தான். பிசிறும்போதே வெண்ணெய் உருகிவிட்டால் மாவு மொத்தமும் கொழுப்பைக் குடித்துவிடும், அடுக்கே வராது. கடித்தால் மண்ணாக உதிரும், விரலெல்லாம் எண்ணெய்.

வெண்ணெய் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளகத் தொடங்கும், 32 முதல் 35-க்குள் முழுதும் உருகிவிடும். மே மாதத்தில் சென்னையின் பகல் 37, 38 டிகிரி. அந்தச் சூட்டில் மாவைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, கடைசியில் பையைத் தின்னும் ஆசையே போய்விடும். ஜனவரி விடியற்காலையில் சுமார் 21 டிகிரி வரைக்கும் இறங்குகிறது. இதைக் குளிர்காலம் என்று எழுதினால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்த 21-க்கே குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாகப் பால் பாக்கெட் வாங்கப் போகிற ஆட்கள் நாங்கள். அடுப்படியில் கடப்பாக் கல் மேடை இருக்கிறவர்களுக்கு இன்னும் வசதி. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த அந்தக் கல்லின் மேல் மாவை உருட்டினால் வெண்ணெய் அசையாது. இதற்கென்று தனியாக மார்பிள் பலகை விற்கிறார்கள். நம் வீட்டுக் கடப்பாக் கல்லே போதும்.

டீக்கடை பப்ஸ் மட்டும் சித்திரை வெயிலிலும் அடுக்கடுக்காக வருகிறதே என்று கேட்கலாம். அதில் பெரும்பாலும் வனஸ்பதியோ மார்கரினோதான் இருக்கும். வெண்ணெயைவிட அதிகச் சூட்டில் உருகும்படி செய்தவை அவை. வேலைக்குச் சுலபம்தான், ஆனால் சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் ஒரு பூச்சு ஒட்டிக்கொண்டே இருக்கும். நான் பாதிக்குப் பாதி கலந்தும் பார்த்தேன். வடிவம் கச்சிதமாக நின்றது. வாசனை இல்லை. எனக்கு வாசனைதான் முக்கியம்.

பக்கத்துத் தெருவில் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார். அவர் குடும்பமே ரயில்வே குடும்பம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த ரயில்வேயை நம்பி இந்தப் பக்கம் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பலர் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். ஆன்ட்டி போகவில்லை. டிசம்பர் வந்தால் கல்கல், ரோஸ் குக்கி என்று கிறிஸ்துமஸ் பலகாரமெல்லாம் அவர் வீட்டிலிருந்துதான் எங்களுக்கு வரும். நான் மாவு பிசிறுவதை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “கையால தொடாதேம்மா, உன் கை சூடு. வெண்ணெய ஃப்ரீசர்ல கல்லாக்கிட்டு கேரட் துருவுற மாதிரி துருவிப் போடு” என்றார். இந்த ஒரு வரி எனக்கு எல்லா வீடியோவையும்விட அதிகமாக உதவியது. துருவின வெண்ணெயை மைதாவில் போட்டு, முள்கரண்டியால் கிளறி, புட்டு மாவு பதம் வந்ததும் ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிசையவே கூடாது. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இந்த அடக்கம் வர நாளாகும்.

இனி அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன், நிறையப் பேர் கேட்பது இதைத்தான்.

என்னுடையது 1500 வாட். சாதாரண 5 ஆம்பியர் பாயின்ட்டில் செருகக் கூடாது, பிளக் சூடாகிக் கருகும். மிக்ஸி பாயின்ட்டுக்குப் பக்கத்தில் 15 ஆம்பியர் பாயின்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய தலைவலி வோல்டேஜ். 230 வோல்ட் வந்தால்தான் அந்த 1500 வாட். மாலையில் எல்லா வீட்டிலும் டிவியும் மோட்டாரும் ஓடுகிற நேரத்தில் எங்கள் தெருவில் 200-க்கு இறங்கிவிடும். வோல்டேஜ் குறைந்தால் சூடு அதே விகிதத்தில் குறையாது, வர்க்கத்தில் குறையும். 200 வோல்ட்டில் இந்த அடுப்பு கிட்டத்தட்ட 1130 வாட்தான் தரும், அதாவது கால் பங்கு சூடு காணாமல் போகிறது. டயல் 200 டிகிரி என்று காட்டிக்கொண்டேயிருக்கும், உள்ளே மேலோடு வேகாமல் வெளுத்து வியர்த்துக் கிடக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு இந்தத் தொல்லை இல்லை. எனவே குளிர், வோல்டேஜ் இரண்டுமே என்னை விடியலுக்குத் தள்ளின. இப்போது அந்த நேரமே பிடித்துப்போய்விட்டது. பையை நான் உள்ளே தள்ளியதும் அம்மா வாசலில் கோலம் போடுவார், நான் காபி போடுவேன். அடுப்படி மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். லவங்கப்பட்டை வாசனை படிக்கட்டு வரை போய், மாடி வீட்டுப் பிள்ளைகள் பல் தேய்க்காமலேயே கீழே வந்து நிற்பார்கள்.

டயலை நம்பாதீர்கள் என்பது என் அடுத்த புத்திமதி. உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று அவசியம். என் அடுப்பில் 200 என்று திருப்பினால் உள்ளே 175-தான் காட்டுகிறது. பின்பக்கம் எப்போதும் முன்பக்கத்தைவிடச் சூடு அதிகம், அதனால் பாதியில் தட்டைத் திருப்பிவைக்க வேண்டும். அடித்தட்டு நனைந்து கொழகொழவென்று இருப்பதுதான் பை செய்கிறவர்களின் நிரந்தரப் புலம்பல். முதல் இருபது நிமிடம் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிட்டு, தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து, அப்புறம் மேல்கம்பியையும் சேர்த்து நடு அடுக்குக்கு மாற்றினால் அந்தப் புலம்பல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்த வசதிக்காகவே மேல், கீழ் கம்பிகளைத் தனித்தனியாகப் போடமுடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கறியைச் சுழற்றிச் சுடுகிற ரொட்டிசெரி கம்பி, சூட்டைப் பரப்புகிற கன்வெக்‌ஷன் விசிறி எல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. மின்சாரச் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் எரியும் என்பதால் ஒரு பைக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது.

தட்டு விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. பாரிமுனை பக்கம் விற்கிற மெல்லிய அலுமினியத் தட்டு மலிவு, சீக்கிரம் சூடேறும், ஆனால் அடி வெந்ததா என்று தெரியாது. பீங்கான் பார்க்க அழகு, சூடேறுவதற்குள் பொழுது விடிந்துவிடும். கண்ணாடித் தட்டுதான் என் தேர்வு. தூக்கிப் பார்த்தால் அடிப்பாகம் சிவந்திருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சுடுகிற அடுப்பில் மட்டும் அதை வைக்காதீர்கள், விரிசல் விடும்.

உள்ளே வைக்கிற பூரணத்தில் ஆப்பிள்தான் வழக்கமானது. இங்கிலாந்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆப்பிள் பை செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மேலோடு கெட்டியான மாவுப் பெட்டிதான், பெரும்பாலும் உள்ளே இருப்பதற்குப் பாத்திரமாகத்தான் உதவியது. நமக்குக் கிடைக்கிற சிவப்பு ஆப்பிள் இனிப்பு ஜாஸ்தி, புளிப்பு கம்மி, வெந்தால் குழைந்துவிடும். பச்சை ஆப்பிள் புளிப்பாகவும் உறுதியாகவும் இருக்கும், விலைதான் கடிக்கும். பாதிக்குப் பாதி போட்டு, அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிட்டால் போதும். ஆப்பிளைச் சர்க்கரையில் அரை மணி ஊறவைத்து, வடிகிற சாற்றைத் தனியே சுண்டக் காய்ச்சிச் சேர்த்தால் அடி நனையாது. சுக்குப்பொடி ஒரு சிட்டிகை போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

ஆனால் என்னைக் கேட்டால் மார்கழிக்கு உரியது பரங்கிக்காய் பைதான். அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாளுக்குச் செய்வார்கள். நமக்கோ வாசல் கோலத்தில் சாண உருண்டை மேல் பரங்கிப்பூ உட்கார்கிற மாதம் இது, காயும் பொங்கலை ஒட்டி மலிவாகக் குவியும். கொத்தவால் சாவடியின் மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், அந்தப் பக்கத் தெருக்களில் இன்றும் நல்ல காய் கிடைக்கிறது. பரங்கிக்காயை வேகவைக்கக் கூடாது, தண்ணீர் கோத்துக்கொள்ளும். பெரிய துண்டாக வெட்டி ஓடிஜியிலேயே சுட்டு, சதையை வழித்து மசித்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். 400 கிராம் மசியலுக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் கெட்டிப் பால், வெல்லம், சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு. வெல்லப்பாகு சூடாக இருக்கும்போது பாலில் ஊற்றினால் திரிந்துவிடும், நன்றாக ஆறட்டும். இதற்கு மேல்மூடி கிடையாது. அதனால் அடித்தட்டை முதலில் தனியாகச் சுட வேண்டும். மாவு உப்பாமலிருக்க மேலே பட்டர் பேப்பர் விரித்துக் கொண்டைக்கடலை கொட்டுவேன். சுட்ட கடலையை ஒரு டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், சுண்டலுக்கு மட்டும் ஆகாது. ஓரம் கெட்டியாகி நடுவில் லேசாக ஆடும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஆறும்போது மிச்சம் இறுகிவிடும்.

முதன்முதலில் மூடி போட்ட ஆப்பிள் பையைப் பார்த்த அம்மா, “இன்னாடி இது, பெரிய சோமாசியைத் தட்டுல ஒக்கார வெச்சிருக்க” என்றார். இப்போது டிசம்பர் பிறந்தால் பரங்கிக்காய் வாங்கினாயா என்று அவரேதான் ஞாபகப்படுத்துகிறார். வெல்லமும் ஜாதிக்காயும் சேர்ந்தால் பாயச வாசனை வருவதால்தான் அவருக்கு அது ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். காசிமேட்டு வஞ்சிரத்தை வைத்து மீன் பை செய்வதையும் விடாமல் முயன்றுகொண்டிருக்கிறேன். சுமார்தான் வருகிறது. அவ்வளவு நல்ல மீனை வறுத்துச் சாப்பிடாமல் மாவுக்குள் புதைப்பது பாவம் என்கிறார் வீட்டுக்காரர், மறுப்பதற்கில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துரு. உப்புக் காற்றில் வலைத்தட்டும் கதவுக் கீலும் ஒரு மழைக்காலத்திலேயே செம்மை பூத்துவிட்டன. சுட்டு முடித்ததும் வெதுவெதுப்பு இருக்கும்போதே துடைத்து, கீலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் தாங்குகிறது. உள்விளக்கு முதல் வருடமே போய்விட்டது. டைமர் முள் சில நேரம் நடுவில் நின்றுவிடும், நான் போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன். கீழ்க்கம்பி போனபோது சர்வீஸ் சென்டரில் அந்த மாடலே இப்போது வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்தார்கள். வண்ணாரப்பேட்டையில் ஹீட்டர், மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவர் அளவெடுத்து வேறு கம்பி போட்டுக் கொடுத்தார். இன்றும் அதுதான் எரிகிறது. கேரண்டி அட்டையைவிட இப்படி ஒரு கடை தெரிந்துவைத்திருப்பது மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசம்பர் என்றால் எங்களுக்குப் புயல் மாதமும்தான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தபோது கரண்ட் போய், ஃப்ரிட்ஜில் உருட்டி வைத்திருந்த மாவெல்லாம் இளகிவிட்டது. அதைத் தூக்கிப் போடாமல் தோசைக்கல்லில் வட்டமாகத் தட்டிச் சர்க்கரை தூவிச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. வானிலை அறிக்கையில் புயல் சின்னம் என்று கேட்டால் மட்டும் இப்போது மாவு உருட்டி வைப்பதில்லை.

பையைச் சூடாக வெட்டாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறட்டும், இல்லாவிட்டால் சாறு ஓடிவிடும். ஐந்து மணிக்கு வைத்தால் ஒன்பது மணிக் காபிக்குச் சரியாக இருக்கும். மிச்சமிருந்தால் மைக்ரோவேவில் சுட வைக்க வேண்டாம், மேலோடு சவசவத்துப் போகும். தோசைக்கல்லை மிதமான சூட்டில் வைத்து, துண்டை வைத்து மூடி ஐந்து நிமிடம் விட்டால் அடி மறுபடி மொறுமொறுப்பாகும். பரங்கிக்காய் பையைச் சூடாக்கவே வேண்டாம், மறுநாள் குளிர்ச்சியாகத்தான் அதற்கு ருசி. வாங்கப் போகிறவர்கள் 28 லிட்டருக்குக் குறைத்து வாங்காதீர்கள். 16 லிட்டரில் ஒன்பது அங்குலத் தட்டு நுழைவதே கஷ்டம், நுழைந்தாலும் மேல்கம்பிக்கு ஒட்டிப்போய் மூடி கருகும். தட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் உள்ளே வைத்துக் கதவை மூடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.