காசல்ரீயில் ஓட்டிக் காட்டி விற்ற ‘கடல் போட்’: வாங்கப் போகிறவர்கள் கவனம்

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் யாராவது கடலில் மீன்பிடிக்க சென்டர் கன்சோல் போட் தேடிக்கொண்டிருந்தால், “நன்னீரில் மட்டும் ஓடியது, உப்பே படாதது, கடலுக்குத் தயார்” என்ற விளம்பரம் கண்ணில் படலாம். படத்தில் பின்னால் தேயிலை மலை, முன்னால் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கண்ணாடி மாதிரி தண்ணீர், நடுவில் பளபளக்கும் வெள்ளைப் போட். தயவுசெய்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். நான், மச்சான், எங்கள் நண்பர் ஒருவர் என்று மூவரும் சேர்ந்து பணம் போட்டு வாங்கினோம். விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மலையில் இருக்கிறவர்களுக்கு எதற்குக் கடல் போட் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் தென்மேல் பருவமழை. வெளியே தலை காட்ட முடியாது. அதே மாதங்களில்தான் திருகோணமலைக் கடல் படுத்துக் கிடக்கும். கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனாலே ஆழம் வந்துவிடுகிற கடல் அது. பாரை, அறுக்குளா, சூரை எல்லாம் உண்டு. சென்டர் கன்சோல் என்றால் ஸ்டியரிங் மேடை நடுவில் இருக்கும், சுற்றிவர நடக்கலாம். தூண்டிலில் மாட்டிய மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் கூடவே போகலாம். அதற்காகத்தான் அந்த வகையே வேண்டும் என்று நின்றோம்.

முதல் புளுகு அடிப்பகுதி பற்றியது. “இது டீப் வி தம்பி, அலையை வெட்டிக்கொண்டு போகும்” என்று சொல்லி, ட்ரெய்லரில் நின்ற போட்டின் அணியத்தை, அதாவது முன்முனையைத் தடவிக் காட்டினார். அணியம் ஏறக்குறைய எல்லாப் போட்டிலும் கூர்மையாகத்தான் இருக்கும். அளக்க வேண்டிய இடம் எஞ்சின் தொங்கும் பின்பலகை, அதாவது ட்ரான்ஸம். வேகமாக ஓடும்போது முன்பாதி தண்ணீருக்கு மேலே எழும்பிவிடும், அலை மேல் வந்து விழுவது பின்பாதிதான். டீப் வி, அதாவது அடிப்பகுதி V எழுத்துப் போல ஆழமாகச் சரிந்தது என்றால், அந்த இடத்தில் 20 முதல் 24 டிகிரி வரை சரிவு இருக்க வேண்டும். 1960இல் மயாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹண்ட் வரைந்த அடிவடிவம் கொண்ட பெர்ட்ரம் போட் முரட்டு அலையில் முதலாவதாக வந்த பிறகுதான் அந்த வடிவம் பெயர் வாங்கியது. எங்களுடையதைத் திருகோணமலையில் ஒரு நேர்ச்சட்டமும் போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியும் வைத்து அளந்தபோது பின்னால் 12 டிகிரிதான் காட்டியது.

12 டிகிரி என்றால் கெட்ட போட் என்று அர்த்தமில்லை. களப்புக்கும் குளத்துக்கும் அது நல்ல போட். நிறுத்தி வைத்தால் ஆடாது, குறைந்த எஞ்சினிலேயே எழும்பும், பெட்ரோலும் மிச்சம். ஆழமான வியோ நின்றால் ஆடும், பெட்ரோலும் குடிக்கும். எதற்கு எது என்று சொல்லி விற்றிருந்தால் சண்டையே இல்லை. இவர் ஒன்றைக் காட்டி மற்றதன் விலையை வாங்கினார்.

அந்த வித்தியாசத்தைக் கடல் சும்மா விடாது. திருகோணமலையில் கச்சான் காற்று, அதாவது தென்மேல் பருவக்காற்று, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் சாதுவாகத் தெரியும். வெளியே போகப் போகத்தான் குட்டை அலை எழும்பும். திரும்பி வரும்போது அத்தனையும் முகத்துக்கு நேரே. அந்தத் தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் பொத்தென்று விழுந்தது. மச்சானுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி, அன்றைக்குப் பிறகு படுக்கைதான். அதிவேகம் என்று விற்ற போட்டில் வேகத்தைக் குறைத்து ஊர்ந்துதான் கரை சேர்ந்தோம்.

எஞ்சின் விஷயத்தில் அவர் காட்டிய சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. எஞ்சின் மூடியில் 115 குதிரைவலு என்று ஸ்டிக்கர். காசல்ரீயில் முழு வேகத்துக்குத் தள்ளியும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் மீட்டர் 5,000ஐத் தொடவில்லை. இந்த வகை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் முழுத் திறப்பில் 5,000க்கும் 6,000க்கும் இடையில் ஓட வேண்டும். கேட்டதற்கு, “இங்க காத்து மெலிசு தம்பி. கீழ கடலுக்கு இறக்கினா பறக்கும்” என்றார்.

இதில் பாதி உண்மை. காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் ஏறக்குறைய பத்து வீத வலுவை இழக்கும். நுவரெலியா ஏற்றத்தில் பழைய வேன் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவர் சொன்னது வாயை அடைத்தது. ஆனால் 115 குதிரைவலு மேலே ஏறினால் 103 அளவில் நிற்கும். எங்களுக்குக் கிடைத்தது அதுவும் இல்லை. கடலுக்கு இறக்கியும் அது பறக்கவில்லை.

திருகோணமலையில் ஒரு மெக்கானிக் தம்பி பார்த்தார். மூடியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினைப் போட்டோடு பிணைக்கும் பிராக்கெட்டில் சீரியல் தகடு இருக்கும். எங்களுடையதில் அதன் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு, “அண்ணை, இது தொண்ணூறு. மூடியில மட்டும்தான் நூற்றிப் பதினைஞ்சு” என்றார். எங்கள் எஞ்சினின் கம்பெனியான மெர்குரியில் 75, 90, 115 மூன்றும் ஒரே 2.1 லீற்றர் பிளாக். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கம்பெனி மேல் இதில் ஒரு பிழையும் இல்லை. ஸ்டிக்கர் மாற்றியவர் வேலை இது. அப்புறம் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். எஞ்சின் எத்தனை மணி நேரம், எந்த வேகத்தில் ஓடியது என்பதெல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கும். விற்றவர் சொன்ன மணிக்கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆகவே மூடியை நம்பாதீர்கள். தகட்டைப் படம் எடுத்து, அந்த இலக்கத்தை முகவரிடம் கேளுங்கள். தகடு இல்லை, தேய்ந்துவிட்டது என்றால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள்.

“உப்பே படாதது” என்ற பேச்சுதான் எல்லாவற்றையும்விட விலையை ஏற்றியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பைபருக்குள் பிளைவூட் வைத்துச் செய்த போட்டுக்கு மழைத்தண்ணீர்தான் எமன். உப்புநீர் பலகை உக்குவதைக் கொஞ்சமாவது தடுக்கும், மழைத்தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக உள்ளே போனால் போதும், உள்ளேயே இருந்து ஊறவைக்கும். எங்கள் பக்கத்து மழையில் ஒரு போட் மூடாமல் திறந்தவெளியில் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மெக்கானிக் எஞ்சினைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். எஞ்சினோடு பின்பலகையும் சேர்ந்து அசைந்தது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார். தேயிலைச் சாயம் போலப் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. வெளியே புதிதாக ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சு அடித்திருந்ததால் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டினாலே வித்தியாசம் கேட்கும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், ஊறிய இடம் மொத்தென்று அமுங்கும்.

விற்றவர் இன்னொரு வேலையும் பார்த்திருந்தார். இந்த வகைப் போட்டில் தளத்தில் விழும் தண்ணீர் தானாக வெளியேற, பின்பக்கம் ஓட்டைகள் இருக்கும். தளம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் அது வேலை செய்யும். கனமாகிப்போன எங்கள் போட்டில் பின்னால் மூன்று பேர் நின்றால் தண்ணீர் உள்ளே வந்தது. அதை மறைக்க உள்பக்கமாக சிலிக்கன் வைத்து அடைத்திருக்கிறார். ஏரியில் அது யாருக்கும் தெரியாது. கடலில் ஒரு அலை அணியத்தைத் தாண்டி விழுந்ததும் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் இறைக்கும் பம்பைப் போட்டால் சத்தமே இல்லை. வீட்டுக்கு இழுக்கும் சாதாரண வயரில் இணைத்திருந்தார்கள். வெள்ளீயம் பூசிய வயர் இல்லாததால் செம்பு பச்சை பூத்து அறுந்துபோயிருந்தது. கரைக்குக் கிட்ட இருந்ததால் தப்பினோம், அவ்வளவுதான்.

அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு எஞ்சினைக் காப்பாற்றும் உலோகக் கட்டிகளையும் பாருங்கள். நன்னீருக்கு மக்னீசியம், கடலுக்குத் துத்தநாகம், அலுமினியம் இரண்டுக்கும் ஆகும். எங்களுடையதில் இருந்தது மக்னீசியம். கடலில் அது சீக்கிரமே கரைந்துபோகும், பிறகு உப்பு எஞ்சினைத்தான் தின்னும். ட்ரெய்லரும் வெறும் பெயின்ட் அடித்த இரும்பு. கல்வனைஸ் செய்யாததை உப்புத்தண்ணீரில் இறக்கினால் எத்தனை நாளைக்கு வரும்? கடலுக்குத் தயார் என்றவர் கடலுக்காக ஒரு போல்ட்கூட மாற்றவில்லை.

பிரச்சினையைச் சொல்லப் போன் எடுத்தபோது விற்றவர் தந்த பதில் இதுதான்: “ஏரியில ஓட்டிக் காட்டினேன்தானே தம்பி. கடலுக்குக் கொண்டுபோனது நீங்கதானே.” பற்றுச்சீட்டில் “பைபர் போட் ஒன்று, எஞ்சின் ஒன்று, ட்ரெய்லர் ஒன்று, பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டது” என்று மட்டும் இருக்கிறது. குதிரைவலு இல்லை, சீரியல் இலக்கம் இல்லை. இலக்கம் எழுதச் சொல்லி மச்சான் அன்றைக்கே கேட்டார். “பதிவு மாற்றும்போது எல்லாம் வரும்” என்று சமாளித்துவிட்டார். அந்த இரண்டையும் எழுதிக் கையெழுத்து வைக்காமல் யாரும் காசு கொடுக்காதீர்கள்.

போட் பார்க்கப் போகிறவர்கள், விற்பவரையே கடலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இழுத்துவரும் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். நீங்கள் ஏற்றப்போகும் ஆட்கள், ஐஸ் பெட்டி, முழு டாங்க் பெட்ரோல் எல்லாம் வைத்து ஓட்டிப் பாருங்கள். 200 லீற்றர் பெட்ரோலே 150 கிலோ வரும். எங்களுக்குக் கால் டாங்க்கில்தான் ஓட்டிக் காட்டினார். ஏறுவதற்கு முன் ட்ரெய்லரோடு ஒரு லொறித் தராசில் நிறுத்துங்கள், ட்ரெய்லர், எஞ்சின், பெட்ரோல் எடையைக் கழித்த பிறகும் தயாரிப்பாளர் சொன்ன போட்டின் எடையைவிட மிக அதிகம் என்றால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கக்கூடும்.

இப்போது போட் திருகோணமலையில் அந்த மெக்கானிக்கின் கொட்டகையில் நிற்கிறது. பின்பலகையை வெட்டித் திறந்து புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை, சீரியல் தகட்டின் படம், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேர்த்து மத்தியஸ்த சபைக்கும் நுகர்வோர் அதிகார சபைக்கும் கொடுத்திருக்கிறோம். பாதி விலைக்குத் திரும்ப எடுப்பதாக விற்றவர் ஆள் அனுப்பினார், மறுத்துவிட்டோம். இதற்கிடையில் அதே மலை, அதே ஏரி பின்னால் தெரிய, நீலக் கோடு போட்ட வேறொரு போட்டுக்கு விளம்பரம் வந்திருக்கிறது. அதிலும் 115 என்றுதான் போட்டிருக்கிறார்.