நாயனத்துக்குப் பின்னால் இருந்த வண்டுச் சத்தம்: ஹைஃபைபெர்ரி டிஜி2 ப்ரோ, ஆறு மாதம் கேட்ட பிறகு

சேரன்மகாதேவியில் எங்கள் வீடு. இருபது வருடம் மைக் செட் தொழில் பார்த்தேன். அம்மன் கோயில் கொடை, கல்யாண வீடு, வில்லிசை என்று தாமிரபரணிக் கரை ஊர்களில் குழாய் கட்டாத தெரு குறைவு. இப்போது அந்த வேலையை விட்டுவிட்டேன். பெரிய ஆம்ப்ளிஃபயர்களை எல்லாம் விற்றாயிற்று. வீட்டில் பாட்டுக் கேட்க, பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும் இருக்கின்றன.

தங்கச்சி மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். கல்லூரி புராஜெக்ட் முடிந்ததும் தன்னுடைய ராஸ்பெர்ரி பை 3 போர்டை, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் அது, என்னிடம் கொடுத்தான். அம்மாவின் கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்ததும் அவன்தான். அதில் முக்கால்வாசி காருகுறிச்சி அருணாசலம் நாயனம். காருகுறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் 1964இல் போய்விட்டார். சின்ன வயதில் கல்யாண வீட்டில் அவரை நேரில் கேட்டவள் அம்மா. வீட்டில் நாயனம் போட்டால் அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்த ராஸ்பெர்ரி பையில் மூட் ஆடியோ (moOde audio) என்ற இலவச மென்பொருளை ஏற்றினோம். போனில் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் பை வாசிக்கும். அதுவரைக்கும் சுலபம். பையிலிருந்து சத்தத்தை எந்த வழியாக வெளியே எடுப்பது என்பதில்தான் மூன்று மாதம் ஓடியது. கடைசியில் கிடைத்த விடைதான் தலைப்பில் சொன்ன டிஜி2 ப்ரோ, பையின் மேல் மாட்டும் ஒரு சின்ன போர்டு.

முதலில் போர்டிலேயே இருக்கும் ஹெட்போன் ஓட்டையில் மாட்டினேன். அங்கே ஒழுங்கான டாக் சிப், அதாவது டிஜிட்டல் எண்களைச் சத்தமாக மாற்றும் சிப், கிடையாது. துடிப்புகளின் அகலத்தை மாற்றித்தான் சத்தத்தை உண்டாக்குகிறது. சின்னச் சத்தங்களில் சொரசொரப்பு தெரியும். செய்தி கேட்கப் போதும், நாயனத்துக்கு ஆகாது. எச்டிஎம்ஐ வழி என்னுடைய ரிசீவரில் இல்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"யூஎஸ்பி டாக் ஒண்ணு வாங்குங்க மாமா, அதான் பெஸ்ட்" என்றான் மருமகன். அவன் சொன்னதில் தப்பில்லை. நல்ல யூஎஸ்பி டாக், டேட்டாவைத் தன்னுடைய கடிகாரத்துக்கு, அதாவது பாட்டின் நேரத்தை அளக்கும் துடிப்புக்கு, தகுந்தபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பையின் கடிகாரம் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பையில் ஓடும் லினக்ஸில் பெரும்பாலும் டிரைவர் தேடவும் வேண்டாம். ஒன்று வாங்கி, அதன் ஆர்சிஏ வயரை (வழக்கமான செம்பு ஆடியோ வயர்) ரிசீவரில் செருகினேன்.

இரண்டு தொந்தரவு வந்தன. ஒன்று, நடுநடுவே 'டிக்' என்று வெட்டு. பை 3இல் நான்கு யூஎஸ்பி ஓட்டைகளும் நெட்வொர்க் ஓட்டையும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையில்தான் ஓடுகின்றன. பாட்டு இருக்கும் ஹார்ட் டிஸ்க், லேன் வயர், டாக் மூன்றும் அந்த ஒரே சந்தில் நெருக்கிக்கொண்டு போயின. லேன் வயரைப் பிடுங்கிவிட்டு வைஃபைக்கு மாறியதும் வெட்டு நின்றது. பை 4இல் நெட்வொர்க்குக்குத் தனிப்பாதை உண்டு, அங்கே இந்த நெருக்கடி இல்லை.

இரண்டாவதுதான் என்னை உட்கார விடவில்லை. பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். "ஏல, நாயனத்துக்குப் பின்னால வண்டு கத்துதே" என்றாள் அம்மா. கொடையில் மைக் செட் போட்டவனுக்கு இந்த வண்டைத் தெரியாமல் இருக்குமா? ஹம். ஜெனரேட்டர் ஒரு பக்கம், கோயில் கரண்ட் ஒரு பக்கம் என்று இரண்டு எர்த் சேர்ந்தால் வில்லிசைக்காரர் பேசுவதற்கு முன்பே ஸ்பீக்கர் பேசிவிடும்.

டாக்கைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் முதலில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பாட்டுகளைப் பென் டிரைவில் போட்டேன். பையின் அடாப்டரையும் எடுத்துவிட்டு, பவர் பேங்கில் ஓட்டினேன். வண்டு செத்துப்போனது. அடாப்டரைத் திரும்ப மாட்டியதும் உயிரோடு வந்தது. அப்போதே விஷயம் பிடிபட்டது. இந்த மாதிரி அடாப்டர்களுக்குள் ஒரு சின்ன கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் வெளிப்பக்கம் கசியும். பையிலிருந்து யூஎஸ்பி வயர், டாக், ஆர்சிஏ வயரைச் சுற்றியுள்ள கம்பி வலை என்று போய், ரிசீவர் வழியாக எர்த்தைத் தேடும். போகிற வழியில் பாட்டோடு கலந்துவிடும். வயரைக் கழற்றி ஆர்சிஏ முனையைப் புறங்கையால் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும். உங்கள் வீட்டில் இரைச்சல் இருந்தால் புதிதாக எதுவும் வாங்கும் முன் இந்தப் பவர் பேங்க் சோதனையைச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டினால் ஹம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும். செய்யாதீர்கள். தொழிலில் இருந்தபோது ஈரத்தரையில் நின்று அப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயரைத் தொட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யூஎஸ்பி பாதையை மின்சாரத்தில் பிரிக்கும் ஐசொலேட்டர் உண்டு. மலிவானவை 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், வேகமானவை விலை அதிகம். அதைவிட நேரான வழி, நடுவில் செம்பே இல்லாமல் வெளிச்சத்தில் அனுப்புவது. ரிசீவரின் பின்புறம் சதுரமான ஆப்டிகல் ஓட்டை வருடக்கணக்காகத் தூசி மூடியோடு சும்மா கிடந்தது. பையில் அப்படி ஓட்டை இல்லை. அதற்குத்தான் டிஜி2 ப்ரோ வாங்கினேன். கூரியர், வரி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேலே ஆயிற்று. பையின் 40 பின் வரிசை மேல் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. தனி கரண்ட் வேண்டாம், சால்டரிங் வேண்டாம். மெனுவில் போர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு தடவை அணைத்துப் போட்டால் வேலை முடிந்தது.

பையின் ஐ2எஸ் (டிஜிட்டல் ஆடியோ) பின்களிலிருந்து வரும் ஆடியோவை இந்தப் போர்டு, ரிசீவர்களுக்குப் புரியும் எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் வடிவமாக மாற்றி, வெளிச்சத்தில் போகும் ஆப்டிகலிலும் செம்பு வயரில் போகும் கோஆக்ஸியலிலும் தருகிறது. 'ப்ரோ' என்ற பெயருக்குக் காரணம் அதிலுள்ள இரண்டு கடிகாரங்கள். விநாடிக்கு 44,100 எண்களாகப் பதிந்த 44.1 கிலோஹெர்ட்ஸ் வகைப் பாட்டுகளுக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 வகைக்கு 24.576. பை 3இன் சொந்தக் கடிகாரப் படிகம் 19.2 மெகாஹெர்ட்ஸ். அதை 44.1க்கு மீதியில்லாமல் வகுக்க முடியாது. மீதியைச் சமாளிக்க, துடிப்பை ஒரு தடவை முன்னும் ஒரு தடவை பின்னும் நகர்த்த வேண்டிவரும். 44,100ஐ 512ஆல் பெருக்கினால் 2,25,79,200. மீதியே இல்லை. எஸ்பிடிஐஎஃபில் கடிகாரமும் பாட்டோடு சேர்ந்தே பயணம் செய்கிறது, வாங்குகிற பெட்டி அதிலிருந்துதான் நேரத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். ஆகவே அனுப்புகிற இடத்தில் கடிகாரம் சுத்தமாக இருப்பது நியாயமான ஏற்பாடு.

அந்தக் கடிகாரத்தைக் காதால் கேட்டேனா? உண்மையைச் சொன்னால், என்னால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போர்டு வந்ததும் டாக்கும் மாறிவிட்டது, இப்போது ரிசீவருக்குள் இருக்கும் டாக்தான் வேலை செய்கிறது. கோஆக்ஸியலிலும் 75 ஓம் கேபிள் போட்டுப் பார்த்தேன். ஆப்டிகலுக்கும் அதற்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. செம்பு வேண்டாம் என்பதற்காக ஆப்டிகலுக்கே திரும்பினேன். ஆனால் வண்டு போய்விட்டது. அடாப்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் மாட்டிய பிறகும், வால்யூமை முழுதாகத் திருப்பி ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும்.

முதல் நாள் அம்மாவுக்குத் தோடி போட்டேன். ஆலாபனை தொடங்கி ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இப்பந்தான் ஒத்து தனியா கேக்கு" என்றாள். நாயனத்துக்கு அடியில் ஒரே சுருதியைப் பிடித்து நிற்கும் ஒத்து வாத்தியத்தை, இத்தனை நாளாக வண்டுதான் மூடி வைத்திருந்திருக்கிறது. கேசட்டில் அது இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. போர்டில் வால்யூம் கட்டுப்பாடு இல்லை. மென்பொருளில் குறைக்கலாம், ஆனால் நான் அங்கே முழுதாக வைத்துவிட்டு ரிசீவரின் குமிழைத்தான் திருகுகிறேன். அம்மாவுக்கும் குமிழ்தான் பழக்கம். ஆப்டிகல் கேபிளின் முனை ஆர்சிஏ மாதிரி இறுகப் பிடிக்காது. நான் முதலில் வாங்கியது, அலமாரியை நகர்த்தினாலே கழன்று விழுந்தது, கொஞ்சம் தடிமனான முனையுள்ளதை மாற்றியபின் சரியாயிற்று. உள்ளே இருப்பது பிளாஸ்டிக் இழை, சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்கக் கூடாது. பயன்படுத்தாத நேரம் தூசி மூடியைப் போட்டு வையுங்கள், எங்கள் வீட்டில் எறும்புகூட அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குள் புகுந்து பார்த்தது.

பை 4 வைத்திருந்து, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவருக்கு இந்தப் போர்டு தேவையில்லை. எர்த் உள்ள பெட்டி எதுவும் நடுவில் இல்லாததால் வண்டுக்கு வழியே கிடையாது. நல்ல யூஎஸ்பி டாக் போதும், மருமகனின் ஹாஸ்டல் அறைக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். பழைய ரிசீவரில் ஆப்டிகல் ஓட்டை இருந்து, இரைச்சலும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

சாயங்காலம் ஆனால் அம்மா திண்ணையில்தான் உட்காருவாள். ரிசீவரை வாசல் பக்கத்து அறைக்கு மாற்றப் போகிறேன். பையும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ளேயே இருக்கும், நடுவில் ஐந்து மீட்டர் ஆப்டிகல் கேபிள். ஜங்ஷனில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.