பெட்ரோலிய மேற்படிப்பு: தன்பாத்தா, சென்னையா, டெக்ஸாஸா?

சேலத்தில் மெக்கானிக்கலோ கெமிக்கலோ முடித்துவிட்டு பெட்ரோலியத்தில் எம்.டெக். தேடுபவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்தக் காலேஜ் சார் நல்லது?" என்றுதான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, வேலை பூமிக்கு அடியிலா, ஆலைக்கு உள்ளேயா என்பது. கிணறு தோண்டி எண்ணெயை மேலே கொண்டுவருவது ஒரு படிப்பு. அந்தக் கச்சா எண்ணெயைப் பிரித்துப் பெட்ரோல், டீசல் ஆக்குவது முற்றிலும் வேறு படிப்பு.

ஆலைதான் என்றால் தூரம் போக வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் பெட்ரோலிய சுத்திகரிப்பு, பெட்ரோகெமிக்கல் எம்.டெக். இருக்கிறது. கெமிக்கல் படித்தவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

கிணறு என்றால் போட்டி ஜார்க்கண்டில் உள்ள தன்பாத் ஐ.ஐ.டி.க்கும் சென்னை ஐ.ஐ.டி.க்கும். சென்னையில் இந்தப் படிப்பு கடல்சார் பொறியியல் துறைக்குள் இருப்பதால், நடுக்கடல் கிணறுகளில் ஆசை உள்ளவர்களுக்கு நல்ல இடம். ஆனாலும் என் ஓட்டு தன்பாத்துக்குத்தான். 1926-இல் சுரங்கக் கல்வி நிறுவனமாகத் தொடங்கிய இடம் அது. 1957 முதல் பெட்ரோலியம் கற்பிக்கிறார்கள். நிலவியல், சுரங்கவியல் துறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் எண்ணெய்ப் பாறை நமக்குப் பழக்கமில்லை. ஏற்காடு ஏறும்போது நாம் பார்ப்பது சார்னகைட். எண்ணெய் தேங்க நுண்துளையே இல்லாத கெட்டிப் பாறை. எண்ணெய் கிடைப்பது பெரும்பாலும் மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும். அதன் நுண்துளைகளில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, அது எவ்வளவு சுலபமாக நகரும் என்று கணக்கிடுவதுதான் இந்தப் படிப்பின் உயிர். மெக்கானிக்கல்காரர்கள் திணறுவதும் அங்கேதான். ஆலப்புழா–தன்பாத் எக்ஸ்பிரஸில் சேலத்திலேயே ஏறலாம், பயணம் நீளம்தான். கேட் (எம்.டெக். நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

வெளிநாடு? அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் இரண்டும் தரத்தில் உச்சம், சந்தேகமே இல்லை. பயம் கடனில்தான். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனது. சேரும்போது இருந்த வேலைச் சந்தை, பட்டம் வாங்கும்போது இல்லை. அதனால் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் உதவி கிடைத்தால் மட்டும் போங்கள். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துப் போக வேண்டாம். நார்வேயில் இலவசம் என்று இன்னமும் சொல்கிறார்கள். 2023 முதல் நம்மைப் போன்ற ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு அங்கேயும் கட்டணம் உண்டு.

அப்புறம், அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யில் பொறியாளர் வேலை மட்டுமே குறி என்றால், பெரும்பாலான பணிகளுக்கு பி.இ. போதும். எம்.டெக்.குக்காக இரண்டு வருடம் காத்திருக்காமல் விண்ணப்பிக்கலாம்.