சும்மா விட்டால் ரீஸ்டார்ட்: ஆறு வருஷ சிஸ்டமும் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸும்

தஞ்சாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, உங்க சிஸ்டத்துல என்னென்ன போட்டிருக்கீங்களோ அப்படியே எழுதி அனுப்புங்க. நானும் அதே மாதிரி ஒண்ணு அசெம்பிள் பண்ணிக்கிறேன்" என்றார். ஒரு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே அனுப்பியிருப்பேன். இப்போது "ரெண்டு நாள் பொறுங்க, விவரமா எழுதுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

2019 தீபாவளி சமயத்தில் வாங்கிய டெஸ்க்டாப் இது. ஆறு கோர் பிராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்டு, இவற்றுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. கும்பகோணத்தில் எனக்கு டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மாசி மகத்துக்கு முந்தைய வாரம் இருபது அடி பேனர் ஃபைல்கள் நாலைந்தை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பதினாலு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஹேங் ஆனதில்லை. கோடை வெயிலில் அறை கொதிக்கும்போதும் தாங்கியது. இந்த விஷயத்தில் அதைக் குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

பங்குனியில் ஆரம்பித்தது தொல்லை. ராத்திரி ஃபைலைத் திறந்தபடியே விட்டுப் படுத்தால், காலையில் பாஸ்வேர்டு கேட்கும் திரை நிற்கும். திறந்திருந்த எதுவும் இருக்காது. ஸ்லீப்பை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன், அதனால் அது காரணமில்லை. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு அது தானா பீப்னு கத்துது, யாரும் பக்கத்துலயே போகல" என்றாள்.

வேலை செய்யும்போது எதுவும் ஆகாது. கையை எடுத்துவிட்டால்தான் ஆகும். சாப்பிடப் போனால், கஸ்டமரிடம் வாசலில் நின்று பேசினால், கரெக்‌ஷன் வரட்டும் என்று காத்திருந்தால் ரீஸ்டார்ட். வைகாசி முகூர்த்தம் நெருங்குகிற நேரம். பெண் வீட்டார் பெயர்ப் பட்டியல் முழுக்க அடித்து, சேவ் பண்ணாமல் போன் பேசப் போய், திரும்பி வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே எதையும் தொடாமல் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது நிமிஷம் போயிருக்கும். நீலத் திரை வரவில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை. திரை சட்டென்று கறுத்தது. ஃபேன் சத்தம் அரை நொடி அடங்கி மறுபடி உறுமியது. ஒரு பீப். போர்டு லோகோ வந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ ரீசெட் பட்டனை அழுத்திய மாதிரி இருந்தது.

விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சிஸ்டத்தில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் அது உடனே தெரிந்துவிடும். விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் செய்தால் 1074 என்ற எண்ணில் யார் செய்தது, எதற்கு என்று பதிவாகும். என்னுடையதில் ஒவ்வொரு தடவையும் 41, கர்னல்-பவர். உள்ளே விவரத்தில், விண்டோஸ் கிராஷ் ஆனால் காரணத்தைச் சொல்லும் எண்ணான பக்செக் கோட் 0. அதாவது விண்டோஸுக்கே தெரியாமல் காலடியில் தரை போயிருக்கிறது. கிராஷ் விவரம் சேரும் மினிடம்ப் ஃபோல்டரும் காலி. டிரைவர் தகராறு என்றால் அநேகமாக அந்த இடத்தில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருக்கும். இந்த ஒரு எண்ணைப் பார்க்கத் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் சர்வீஸுக்கு வந்தவர் அதைப் பார்க்கவே இல்லை. முதலில் ஹீட் என்றார். சும்மா இருக்கும்போது 40 டிகிரி, வேலை கொடுத்தால் 70. சூட்டில் விழுவதென்றால் வேலையின்போதுதானே விழ வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை, பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றி 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்து ஃபார்மட். டிடிபிக்காரனுக்கு ஃபார்மட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பாமினி, வானவில் என்று ஒவ்வொரு கஸ்டமரும் ஒவ்வொரு ஃபான்ட்டில் பழைய ஃபைல் கொண்டுவருவார்கள். அத்தனையையும், கீபோர்டு சாஃப்ட்வேரையும் மறுபடி ஏற்ற ரெண்டு நாள் ஆனது. அன்று ராத்திரியே ரீஸ்டார்ட். மறு வாரம் இரண்டாவது ஃபார்மட், அதே கதை. கடைசியில் "மதர்போர்டு போயிடுச்சு சார், 7,500 ஆகும்" என்றார்.

அங்கேதான் நிறுத்திக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினேன், மாற்றமில்லை. பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து பூட் செய்து சும்மா விட்டேன். அதுவும் ரீஸ்டார்ட் ஆனது. அப்போது மனசு விட்டுப் போனது உண்மைதான், ஆனால் விண்டோஸ் மேல் பழி இல்லை என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது. ஃபார்மட்டுக்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் ராம் பார்ப்போம் என்று மெம்டெஸ்ட்86 போட்டேன். ராத்திரி பத்து மணிக்குப் போட்டது, காலையில் நாலு பாஸும் முடிந்து ஒரு பிழையும் இல்லை என்று நின்றது. சரி, ராம் நல்லது என்று அணைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க ஆளில்லாமல் ஓடியிருக்கிறது, ஏன் ரீஸ்டார்ட் ஆகவில்லை? ஏனென்றால் மெம்டெஸ்ட் பிராசஸரை ஒரு நிமிஷமும் சும்மா விடுவதில்லை. ஆள் இல்லாதது அதற்குப் பிரச்சினை இல்லை, வேலை இல்லாததுதான் பிரச்சினை.

இதற்குப் பிறகு படித்தது எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிந்தது. இப்போதைய பிராசஸர்கள் வேலை இல்லாத நேரத்தில் கோர்களுக்குப் போகும் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகின்றன. சி6 என்று அந்த நிலைக்குப் பெயர். அப்போது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பிராசஸருக்கு மின்சாரம் வரும் 12 வோல்ட் லைனில் லோடு அதலபாதாளத்துக்குப் போகும். விலை குறைந்த பழைய பாணி எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒரே கண்ட்ரோல் சேர்த்துக் கவனிக்கிறது. ஒரு பக்கம் லோடு மட்டும் போனால் ரெண்டும் ஆட்டம் காணும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் சாம்பல் நிற வயரில் பவர் குட் என்று ஒரு சிக்னல் உண்டு. அது ஒரு கணம் விழுந்தால் போதும், போர்டு ரீசெட் ஆகிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2013இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் பிராசஸர் வந்தபோதே பேச்சு எழுந்தது. அதன் ஆழ்ந்த தூக்க நிலையில் 12 வோல்ட்டில் 0.05 ஆம்பியர் மட்டும் இழுக்கும், பழைய சப்ளைகள் அதைத் தாங்குமா என்று கேள்வி வந்து, எஸ்எம்பிஎஸ் தயாரிப்பாளர்கள் எந்த மாடல் ஒத்துவரும் என்று பட்டியலே போட்டார்கள். அதற்கு ஆறு வருஷம் கழித்து எனக்கு அசெம்பிள் செய்த கடையில் கேபினட்டோடு சேர்த்து ஒரு 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

மல்டிமீட்டரில் பார்த்தேன். மஞ்சள் வயரில் 12.3 வோல்ட். 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருந்தால் சரி என்பது கணக்கு. சர்வீஸ்காரரும் இதைப் பார்த்துத்தான் எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு என்றார். மில்லிசெகண்டில் விழுந்து எழுவதை அந்த மீட்டர் எப்படிக் காட்டும்?

விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் போர்டு செட்டிங்கான பயாஸில் உள்ளே உள்ளே போனால் பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல் என்று ஒன்று இருந்தது. ஆட்டோவில் இருந்ததை, சும்மா இருக்கும்போதும் லோடை ரொம்ப இறங்க விடாத டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றினேன். பதினோரு நாள் ரீஸ்டார்ட் இல்லை. பத்தாம் நாள் காலையில் முந்தின ராத்திரி விட்ட பத்திரிகை அப்படியே திரையில் இருந்தது, மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்குப் பக்கத்தில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் முதல் நாள் சிஸ்டம் வாங்கியபோதுகூடப் படவில்லை.

அதோடு விடவில்லை. நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று இரவல் வாங்கி மாட்டி, பயாஸை மறுபடி ஆட்டோவுக்கே கொண்டுவந்தேன். ஒன்பது நாள் அமைதி. பழையதைத் திரும்ப மாட்டினேன், மூன்றாம் ராத்திரி ரீஸ்டார்ட். இனி சந்தேகமில்லை. ஆனியில் புது எஸ்எம்பிஎஸ் 4,200 ரூபாய்க்கு வாங்கினேன், 550 வாட், 12 வோல்ட்டிலிருந்து மற்ற வோல்டேஜைத் தனியாகப் பிரித்தெடுக்கும் டிசி-டு-டிசி வகை. பணம் இப்போதைக்கு இல்லை என்றால் அந்த பயாஸ் மாற்றமே போதும், சும்மா இருக்கும்போது சில வாட் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், டப்பாவில் மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் 80 ப்ளஸ் ஸ்டிக்கர் இருந்தால் இந்தத் தொல்லை வராது என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை 20, 50, 100 சதவீத லோடில் திறன் எவ்வளவு என்று பார்க்கிறது, டைட்டானியம் என்ற உயர்ந்த தரத்துக்கு 10 சதவீதத்திலும். என் சிஸ்டம் சும்மா இருக்கும்போது இழுப்பது 40 வாட்டுக்கும் கீழே. 450 வாட்டில் அது 9 சதவீதம்கூட ஆகவில்லை. நாளில் பாதி நேரம் கம்ப்யூட்டர் இருக்கும் நிலை அதுதான். அங்கே என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த ஸ்டிக்கரில் ஒரு வார்த்தை கிடையாது.

சரி, தம்பிக்கு என் பதில். பிராசஸர் அருமை. போர்டு குற்றமற்றது, மாற்றச் சொன்ன 7,500ஐ நினைத்தால் இன்னும் பதறுகிறது. ஆறு வருஷம் எனக்குச் சோறு போட்ட மிஷின், இன்னும் நாலு வருஷம் போடும், யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் இதே மாதிரி அசெம்பிள் செய்யாதீர்கள். கம்பெனி டெஸ்க்டாப்பாக ஒன்று வாங்குங்கள், விலை கூட இருந்தாலும் பரவாயில்லை. நியாயமாகப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நல்லதாகப் போட்டு அசெம்பிள் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியும். மூன்று மாதம் ராத்திரி அந்த பீப்புக்கு விழித்தவனுக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை 200 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கடையில் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வேறு யாராவது ஒருவர் கேபினட்டுக்குள் அது போய் உட்காரும். "சும்மா விட்டால் ரீஸ்டார்ட் ஆகும்" என்று மார்க்கரால் அதன் மேலேயே எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன்.