மதிலுக்கு இந்தப் பக்கம் கொய்யா, அந்தப் பக்கம் புல்

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மதியம் எங்கள் மதிலோரத்து முருங்கை முறிந்து விழுந்தது. தாம்பரத்தைத் தாண்டி அப்பா வாங்கிப் போட்ட மனையில் பாதியில் என் வீடு, பாதியில் தங்கை வீடு. நடுவில் இடுப்பளவு மதில். முருங்கை போனதும் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிரச்சினை: மேற்குப் பக்கம் எட்டுக்குப் பத்து அடி வெறும் மண், மூன்று மணிக்கு மேல் ஜன்னலில் சுள்ளென்று வெயில்.

அடுத்த ஆடியில் இரண்டு பேரும் ஒரே நர்சரிக்குப் போனோம். நான் ஒரு கொய்யாப் பதியன் (தாய் மரத்துக் கிளையிலேயே வேர்விட வைத்து வெட்டி எடுத்த கன்று) வாங்கினேன், 150 ரூபாய். அவள் தொட்டி 120 ரூபாய் என்று ஆறு தொட்டி ஊதா நிறப் பவுண்டன் கிராஸ் என்கிற அலங்காரப் புல் வாங்கினாள். ‘காசு கொடுத்துப் புல் வாங்குறியே’ என்று வழி நெடுகக் கிண்டல் செய்தேன். அந்தக் கிண்டலுக்கு முதல் வருஷம் முழுக்க வட்டியோடு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் முதல் வருஷத்தில் போட்டியே இல்லை. மூன்றே மாதத்தில் அவள் பக்கம் தூர் கட்டி, மூன்றடி உயரத்துக்கு வளைந்து நின்றது. ஒயின் நிற இலை. நரிவால் மாதிரி கதிர்கள். சாயங்கால வெயில் பின்னால் இருந்து விழும்போது ஒவ்வொரு கதிரும் ஓரத்தில் ஒளி கட்டி நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று போட்டோ எடுத்தார்கள். என் பக்கம் ஒரு குச்சி, அதற்கு முட்டுக்கொடுத்த இன்னொரு குச்சி. பூத்த பூவையும் கிள்ளிப் போட்டேன். கன்று முதலில் உடம்பு தேற வேண்டும், காய் அப்புறம்.

நான் வாங்கிய ரகம் லக்னோ 49. பெயரில்தான் லக்னோ, தேர்ந்தெடுத்து உருவாக்கியது புனேயில். அலகாபாத் சபேதா என்ற இன்னொரு ரகம் நெட்டுக்குத்தலாக மேலே போகும், இது பக்கவாட்டில் படரும். எனக்கு வேண்டியது உயரம் அல்ல, ஜன்னலுக்குக் குடை. வெள்ளைச் சதை வேண்டாம், வெட்டினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும் என்பவர்கள் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கிரண் கேட்டு வாங்கலாம். எதுவானாலும் பதியனோ ஒட்டோ பார்த்து வாங்குங்கள். விதைக் கன்று காய்க்க நாளாகும், காய்த்தாலும் தாயின் குணம் வரும் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் வருஷம் ஆட்டம் மாறியது. முதல் தடவையாகக் கை நிறையக் காய். ஆனால் கொய்யா வைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது: பழத்தை மரத்திலேயே பழுக்க விட்டால் அது உங்களுக்கு இல்லை. முதல் பங்கு அணிலுக்கு, இரண்டாவது கிளிக்கு, ராத்திரிப் பங்கு வௌவாலுக்கு. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழ ஈதான் வில்லன். காய் இளகத் தொடங்கும்போது தோலுக்கு அடியில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே ஒரு குண்டூசிப் புள்ளிதான் தெரியும். வெட்டினால் உள்ளே நெளிகிறது. மழைக்காலத்துப் பழத்தில் இது அதிகம். ருசியும் சப்பென்று இருக்கும். தை மாசியில் வரும் பழத்தின் ருசியே தனி. பழ ஈப் பொறி வாங்கித் தொங்கவிட்டேன். பொறிக்குள் வைக்கும் மருந்தின் வாசனை ஆண் ஈக்களை மட்டும்தான் இழுக்கும் என்பதால், பொறி நிறைய ஈ செத்துக் கிடக்கும்போதும் ஒரு சில பழத்தில் புழு இருந்தது. கடைசியில் கைகொடுத்தது பழைய வழிதான். செங்காயாகப் பறித்துவிடுவது. கரும்பச்சை மங்கி, தோல் வெளிறி மினுக்கம் தட்டும் அந்த இரண்டு மூன்று நாள் கண்ணில் பட வேண்டும். நறுக்கென்று கடிபடும், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டால் போதும். கனியவிட ஆசைப்பட்ட காய்களுக்கு மட்டும் பழைய துணிப்பை கட்டினேன். வௌவால் கடித்துப் போட்டதை 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்ததிலிருந்து யாரும் தொடுவதில்லை, நேராகக் குழிக்குள்.

வேலைக் கணக்குக்கு வருவோம். கொய்யா இலை தினமும் ஒரு முறம் கொட்டும். பாதி மதிலைத் தாண்டிப் போகும். ‘அண்ணா, உன் மரத்துக்கு எங்க வீட்டு வாசல் தெரியும் போல’ என்று தங்கை பெருக்கிக் கொண்டே சொல்வாள். வருஷம் இரண்டு தடவை கவாத்து வேண்டும். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும், அதனால் வெட்ட அஞ்சக் கூடாது. என் மரம் எட்டடிக்கு மேல் போனதில்லை. போயிருந்தால் ஏணி, ஏணியிலிருந்து விழுந்த கதை என்று இந்தக் கட்டுரை வேறு மாதிரி போயிருக்கும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல்.

புல்லுக்கு வருஷத்தில் ஒரே நாள் வேலை. ஆனால் அந்த ஒரு நாள் பார்க்க வேண்டிய காட்சி. தூரை நடுவில் கயிற்றால் இறுக்கிக் கட்டுவாள், விளக்குமாறு மாதிரி. கட்டுக்குக் கீழே, மண்ணிலிருந்து அரையடி விட்டு, அரிவாளால் அறுப்பாள். ஒரு இழை சிதறாமல் கட்டு அப்படியே கையோடு வரும். பிறகு ஒரு மாதம் ஆறு மொட்டைத் தலைகள். நாலாம் வருஷம் தூரின் நடு காய்ந்து வட்டமாக ஓட்டை விழுந்தது. தோண்டி எடுத்து, ஓரத்து உயிர்த் தூரை மட்டும் பிரித்து நட்டாள். ஆறு பத்தானது. நாலு எனக்கு வந்தது.

தண்ணீரில் இரண்டும் சமர்த்து. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்றோமே, அப்போது பாத்திரம் கழுவிய தண்ணீரில் இரண்டுமே பிழைத்தன. புல்லின் இலை நுனி கருகியது, கொய்யா பிஞ்சை உதிர்த்தது, அவ்வளவுதான். காற்றில் மட்டும் புல்லுக்கே மார்க். பதியனுக்கு ஆணிவேர் கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் மண் ஊறி என் மரம் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. கயிறு கட்டி நிமிர்த்தினோம், இன்னும் லேசாகக் கூன்தான். புல் அன்றைக்குப் படுத்துக் கிடந்தது, வெயில் வந்ததும் எழுந்துகொண்டது.

ஆனால் எந்தக் காரியத்துக்காக நர்சரிக்குப் போனோமோ அதைக் கேட்டால்? மூன்றடிப் புல் நாலடி உயரத்து ஜன்னலுக்கு என்ன நிழல் தரும்? தங்கை வீட்டில் இன்றும் மதியம் திரை இழுத்துத்தான் இருக்கிறார்கள். திரை இழுத்தால் புல்லும் தெரியாது. என் அறையில் ஏப்ரல் மாதத்திலும் மூன்று மணிக்குத் திரை திறந்தே இருக்கும்.

அதனால் வெயில் மறைக்க வேண்டும், தினம் தோட்டத்தில் கால் வைக்கிற ஆள் வீட்டில் உண்டு என்றால் கொய்யாவை வையுங்கள், மதிலிலிருந்து ஐந்தாறு அடியாவது தள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் பழ மரம் வைத்தால் அழுகிய பழமும் ஈயும்தான் வரவேற்கும், அவர்களுக்குப் புல்தான். செப்டிக் டேங்க் ஓரம், சாக்கடை ஓரம் போன்ற மரம் வைக்கக் கூடாத இடங்களுக்கும் புல்தான்.

புல் என்று முடிவானால் ஒரு எச்சரிக்கை. ஊதா நிறத்தில் பெரும்பாலும் முளைக்கிற விதை இருக்காது. அதன் பச்சை நிற உறவு அப்படியில்லை. அழகுக்காக ஹவாய்க்குக் கொண்டுபோன அந்தப் புல், இன்று அங்கே எரிமலைப் பாறைகளில் பரவி, காய்ந்து, காட்டுத்தீக்கு எண்ணெயாக நிற்கிறது. அலங்காரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் வெட்டிவேர் இருக்கிறது. கடலூர்க் கடலோர மணலில் பயிராகிற அதே புல். ஓடிப் பரவாது, வேர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கும், ஒன்றரை வருஷத்தில் தோண்டினால் பானைத் தண்ணீரில் போட வேர் கிடைக்கும்.

தங்கை தந்த நாலு தூரும் இப்போது என் செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றி நிற்கின்றன. அவளுக்கு நான் கொய்யாப் பதியன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு? மதில் மேல சாஞ்ச கிளை என் பக்கம்தானே காய்க்குது” என்றாள். எண்ணிப் பார்த்தேன். அந்தக் கிளையில் மட்டும் பதினேழு.